அக்காவுக்கு எந்தப் புத்தகம், தம்பிக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: மகளுக்கு 10 வயது, மகனுக்கு 7. இந்த வருடம் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். வயதைப் பார்த்து அவளுக்கு ஐந்தாம் வகுப்பு, அவனுக்கு இரண்டாம் வகுப்பு என்று முழு செட் வாங்கினோம். கணக்கு என்றாலே அவள் அழுகிறாள். அவனோ இரண்டே மாதத்தில் எல்லாப் புத்தகத்தையும் முடித்துவிட்டான். யாரை எந்த வகுப்பில் வைப்பது? – நங்கநல்லூர் வாசகி

பதில்: முழு செட்டாக வாங்கியதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. ஒரு பிள்ளை தமிழில் ஐந்தாம் வகுப்பிலும் கணக்கில் மூன்றாம் வகுப்பிலும் இருப்பது சர்வசாதாரணம். பள்ளியில் நாற்பது பேரை ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டியிருப்பதால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே வகுப்பு. உங்கள் வீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. பாடத்துக்குப் பாடம் தனியாக நிலை பாருங்கள்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தொடக்க வகுப்புகளுக்கு மூன்று பருவமாகப் பிரிந்திருப்பதால், முழு வருடம் பின்னால் போகாமல் ஒரு பருவம் மட்டும் பின்னால் போக முடியும். மகளுக்கு மூன்றாம் வகுப்பு மூன்றாம் பருவப் பயிற்சிகளிலிருந்து 10 கணக்கு எடுங்கள். காலை நேரம், 25 நிமிடம், பக்கத்தில் யாரும் உதவிக்கு இருக்கக் கூடாது. எட்டோ அதற்கு மேலோ சரியென்றால் நான்காம் வகுப்புக்கு நகர்ந்து இதையே செய்யுங்கள். ஐந்து முதல் ஏழு என்றால் அந்தப் பருவமே தொடக்கம். அதற்கும் கீழே என்றால் இன்னும் ஒரு பருவம் பின்னால்.

மதிப்பெண்ணைவிடத் தவறின் வகை முக்கியம். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 224. 376 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள், இடமதிப்பே பிடிபடவில்லை. 100 ரூபாய், 10 ரூபாய் நோட்டுகளும் ஒரு ரூபாய்க் காசுகளும் எடுத்து, ஒரு நூறைப் பத்துப் பத்தாகவும், அதில் ஒரு பத்தைப் பத்துக் காசாகவும் சில்லறை மாற்ற வைத்துத்தான் மேலே போக வேண்டும். 234 என்று எழுதினால் கவலை வேண்டாம்: கடன் வாங்கத் தெரிகிறது, நடுவில் இருக்கும் பத்து ஒன்பதாகக் குறைவதை மறந்துவிட்டாள். தினமும் நாலைந்து கணக்கு போட்டால் சில நாளில் சரியாகும், வகுப்பைக் குறைக்கத் தேவையில்லை. வாசகக் கணக்கில் மட்டும் தடுமாறினால் நீங்களே உரக்க வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் போட்டுவிட்டால் குறை கணக்கில் இல்லை, வாசிப்பில்.

வாசிப்புக்கு, இதுவரை பார்க்காத பாடத்திலிருந்து 100 சொல். ஐந்து தவறு வரை என்றால் தனியாக வாசிக்கலாம். ஆறு முதல் பத்து என்றால் உங்களோடு உட்கார்ந்து. அதற்கு மேல் என்றால் எளிய புத்தகம். ழகரம் நாக்கில் வராததைத் தவறாக எண்ணாதீர்கள். ‘வீட்டுக்கு’ என்பதை ‘வீட்டில்’ என்று வாசித்தால் எண்ணுங்கள். அது சொல்லைப் பார்க்காமல் ஊகிப்பது. முடித்ததும் என்ன நடந்தது என்று கேளுங்கள். சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு.

மகன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஏழு வயதில் அறிவு ஓடும் வேகத்துக்கு விரல் ஓடாது. மூன்றாம் வகுப்புக் கணக்கும் வாசிப்பும் தாராளமாகக் கொடுங்கள், விடையை வாயால் சொல்லட்டும். எழுத்து வேலை மட்டும் இரண்டாம் வகுப்பு அளவே இருக்கட்டும். இன்னொன்று: இருவரும் ஒரே கணக்குப் புத்தகத்துக்கு வந்துவிட்டால் அக்காவுக்கு அவமானமாக இருக்கும். அட்டையில் வகுப்பு எண் தெரியாமல் பிரவுன் ஷீட் போட்டுவிடுங்கள். முடிந்தால் அவளுக்கு மட்டும் மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகம் கொடுங்கள், ஒப்பிட வழியிருக்காது.

கேள்வி: மூன்று பிள்ளைகள், 11, 8, 4 வயது. தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் நாள் போதவில்லை. எதைச் சேர்த்து நடத்தலாம்? – பெரம்பூர் வாசகர்

பதில்: கணக்கும் எழுத்துப் பயிற்சியும் தனித்தனி. அறிவியல், சமூக அறிவியல், கதை வாசிப்பு மூன்றும் சேர்த்து. இது புதுமை ஒன்றும் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் செயல்வழிக் கற்றலில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் கற்றல் ஏணிப்படியில் ஏறினார்கள். தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் ஒரே வகுப்புக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் வைத்தார்கள்.

தலைப்பை மூத்தவர் புத்தகத்திலிருந்து எடுங்கள், வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ‘நீர்’ என்று வைத்துக்கொள்வோம். செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231. நாளிதழில் வரும் இன்றைய இருப்பைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று 11 வயதுப் பிள்ளை கணக்கிட்டுப் பட்டை வரைபடம் போடட்டும். எட்டு வயதுப் பிள்ளை வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது என்று எண்ணி நான்கு வாக்கியம் எழுதட்டும். நான்கு வயதுக்குப் பாடத்திட்டமே வேண்டாம். ஒரு டப் தண்ணீரும், எது மிதக்கும் எது மூழ்கும் என்று பார்க்கக் கொஞ்சம் சாமான்களும் போதும்.

தனிப் பாட நேரத்தில் பலர் மூத்தவரிடம் முதலில் உட்காருகிறார்கள். அங்கேதான் நாள் குழம்புகிறது, ஏனென்றால் எட்டு வயதுப் பிள்ளையால் தானாக எதையும் தொடங்க முடியாது. நடுவில் இருக்கும் பிள்ளைக்கு முதல் 20 நிமிடம் கொடுத்துப் பயிற்சியில் உட்கார வைத்துவிட்டு மூத்தவரிடம் போங்கள். அதுவரை மூத்தவருக்கு நேற்றைய பாடத்தின் திருப்புதல்.

கேள்வி: இப்படி வகுப்பு கலந்து படித்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எப்படி? – ஆதம்பாக்கம் வாசகி

பதில்: தேசியத் திறந்தநிலைப் பள்ளி, அதாவது என்ஐஓஎஸ் வழியாக எழுதலாம். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதற்கு முன் முடியாது. ஆகவே ஓடும் பிள்ளையை மேலே மேலே ஏற்றி 12 வயதில் நிறுத்தி வைக்காமல் அகலமாகப் படிக்க விடுங்கள். ஐந்து பாடம் தேர்ச்சி பெற வேண்டும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பதிவு 5 வருடம் செல்லும் என்பதால் இரண்டு பாடம் இப்போது, மூன்று பிறகு என்று பிரித்து எழுதலாம். இடையில் சான்றிதழ் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தில் ஏ, பி, சி என்ற நிலைகள் உண்டு. முறையே 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். எல்லாப் பாடத்தையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் வேலையை 12 வயதில் தொடங்கினால் போதும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள்.