பாறை நிலத்தில் ஃபைபர் கேபிளைப் புதைப்பது லாபமா, கம்பத்தில் இழுப்பது லாபமா?

கம்பம்தான் மலிவு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள். நீங்களும் என்னைப் போல சப் கான்ட்ராக்ட் எடுக்கப் போகிறவர் என்று நினைத்தே எழுதுகிறேன்.

நான் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வேலை பார்ப்பவன். கீழவளவு, அரிட்டாபட்டிப் பக்கமெல்லாம் மேலே கொஞ்சம் செம்மண், கீழே சுக்காம்பாறை (உதிரும் மெதுப்பாறை), அப்புறம் கருங்கல். புதைப்பதென்றால் வழிநெடுக உடைக்கணும். ஜேசிபி வாளி கல்லில் வழுக்க ஆரம்பித்ததும் பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டணும். நமக்குக் கூலி மீட்டர் கணக்கு, பிரேக்கர் வாடகை மணிக்கணக்கு. கம்பம் என்றால் ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி. ஈபி கம்பத்திலேயே கட்ட அனுமதி கிடைத்தால் அந்தக் குழியும் மிச்சம், வாடகை மட்டும்தான். ஏடிஎஸ்எஸ் என்ற வகை ஃபைபர் கேபிள் தன் எடையைத் தானே தாங்கும், தாங்கு கம்பியும் வேண்டாம்.

'பாறையில் ஆழம் குறைக்கலாமே' என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். குறைக்கலாம். மண்ணில் 1.65 மீட்டர் கேட்கிறவர்கள் பாறையில் விட்டுக்கொடுப்பார்கள். ஆனால் இரும்புக் குழாய் போட்டு மேலே கான்கிரீட் போடச் சொல்வார்கள். தோண்டுவதில் மிச்சமானது சிமெண்டில் போய்விடும்.

என் வயிற்றெரிச்சல் வேறு. ஒரு வேலையில் கருங்கல்லை உடைத்துக் குழாய் போட்டாச்சு. அளக்க ஆள் அனுப்பச் சொல்லி மெயின் கான்ட்ராக்டருக்குப் போன் மேல் போன். யாரும் வரவில்லை. ஆடு மாடு விழும் என்று ஊர்க்காரர்கள் சத்தம் போட்டதால் மூடினோம். மூடிய பிறகு வந்தார் ஒருவர். மேலே தெரிந்தது செம்மண். "சாதாரண மண் ரேட்தாண்ணே" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுபடி தோண்டியா காட்ட முடியும்?

அதற்காகக் கம்பம் நிம்மதி என்று சொல்லவில்லை. வைக்கோல் லாரி அறுக்கும், அழகர்மலைப் பக்கம் குரங்கு தொங்கும், சப்பரம் வந்தால் மூங்கிலால் கேபிளைத் தூக்கிப் பிடிக்க ஆள் நிற்கணும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஸ்ப்ளைசிங் ஆளும் (அறுந்த ஃபைபரை ஒட்டுகிறவர்) ஜாயின்ட் பாக்ஸும் தண்டம். அதனால் பாறைக் கரட்டைக் கம்பத்தில் தாண்டிவிட்டு, மண் கிடைக்கிற இடத்திலும் சப்பரம் போகிற தெருவிலும் மட்டும் புதைக்கிறேன். மண், சுக்காம்பாறை, கருங்கல் மூன்றுக்கும் தனித்தனி ரேட் எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். டேப்பை வைத்துக் குழியைப் போட்டோவும் எடுங்கள்.

இன்னொன்று. என்னிடம் இன்டர்நெட் இணைப்பு வாங்கிய வீட்டில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் 'ஒயர் அறுந்துருச்சாண்ணே' என்று எனக்குத்தான் போன் வருகிறது. மாத வாடகை கேட்டு நான் அடித்தால் ஒருத்தரும் எடுப்பதில்லை.