டாங்கி மலை ஏறுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1941இல் ஜெர்மனி கிரேக்கத்தின் மேல் படையெடுத்தபோது, எங்கே பார்த்தாலும் மலையாக இருக்கும் அந்த நாட்டில் டாங்கிகளும் லாரிகளும் எப்படி மூன்றே வாரத்தில் ஏதென்ஸ் வரை போய்ச் சேர்ந்தன?

பதில்: டாங்கிகள் மலையை ஜெயிக்கவில்லை. மலை ஏறினவர்கள் காலால் நடந்த சிப்பாய்கள். டாங்கிகள் திறந்து கிடந்த வழியாகப் புகுந்தன, அவ்வளவுதான்.

ஏப்ரல் 6ஆம் தேதி பல்கேரியாவிலிருந்து படையெடுப்பு தொடங்கியது. அந்த எல்லையில் கிரேக்கர்கள் மலையைக் குடைந்து கான்கிரீட்டில் 21 கோட்டைகள் கட்டியிருந்தார்கள். மெடாக்ஸாஸ் கோடு என்று பெயர். அதில் ரூபெல் கணவாய்க் கோட்டையை விமானமும் பீரங்கியும் சேர்ந்து அடித்தும் பிடிக்க முடியவில்லை. அந்தக் கோட்டை வரிசையோடு மோத ஜெர்மன் தளபதி லிஸ்ட் டாங்கிகளை நம்பவில்லை, மலைப்படைகளையும் காலாட்களையும்தான் அனுப்பினார். அவற்றில் 6ஆவது மலைப்படை டிவிஷன் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவு) சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் பனி மூடிக் கிடந்த மலையைத் தாண்டி, இந்தப் பக்கம் யாரும் வர முடியாது என்று விட்டுவைத்திருந்த இடத்தில் இறங்கியது. அதே நாட்களில் 2ஆவது பன்சர் டிவிஷன், அதாவது டாங்கிப் படை, கோட்டைகள் பக்கமே போகாமல் பக்கத்து நாடான யூகோஸ்லாவியாவுக்குள் நுழைந்து, ஸ்ட்ருமிட்சா வழியாக மேற்கே ஓடி, டோய்ரான் ஏரி அருகே தெற்கே திரும்பி, 9ஆம் தேதி தெசலோனிகி நகரத்தைப் பிடித்துவிட்டது. ரூபெல் கோட்டைக்குள் இருந்தவர்கள் தோற்கவே இல்லை. முதுகுக்குப் பின்னால் நகரம் போய்விட்டதால் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

மேற்கேயும் இதே கதைதான். ஸ்கோப்யே, பிரிலெப், பிட்டோலா என்று யூகோஸ்லாவியாவின் பள்ளத்தாக்குகள் வழியாகவே இன்னொரு மோட்டார் படை இறங்கி வந்தது.

சரி, சுற்றிப்போக வழியே இல்லாத இடத்தில் என்ன ஆனது? பிளாட்டமோனைப் பாருங்கள். ஒலிம்பஸ் மலைத்தொடர் கடலைத் தொடுகிற இடம் அது. ஒரு மேடு, அதன்மேல் ஒரு பழைய கோட்டை, அடியில் ரயில் சுரங்கம். காவலுக்கு இருந்தது, கிரேக்கத்துக்கு உதவ பிரிட்டிஷ் தரப்பில் வந்த படைகளில் ஒரே ஒரு நியூசிலாந்து பட்டாலியன், அதாவது சில நூறு சிப்பாய்கள். 15ஆம் தேதி ஜெர்மன் மோட்டார் சைக்கிள் படையும் டாங்கிகளும் வந்து முட்டி நின்றன. மேட்டின் மேல் இருந்தது ஆடு மாடு போகிற பாதைதான், அதில் டாங்கிகளை ஏற்றிப் பார்த்தார்கள். பாறையில் உரசிச் சக்கரப் பட்டைகள் கழன்று சில வழியிலேயே நின்றுவிட்டன. கடைசியில் காலாட்கள் மலைச்சரிவின் காட்டுக்குள் புகுந்து பக்கவாட்டில் வந்த பிறகுதான், 16ஆம் தேதி நியூசிலாந்துக்காரர்கள் பின்வாங்கினார்கள்.

அடுத்து பினியோஸ் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கு, அதைத் தெம்பி என்பார்கள். ரயில் பாதை ஒரு கரையில், ரோடு மறுகரையில். ரயில் பாதை மேலேயே டாங்கிகளை ஓட்டி வந்தவர்களுக்கு முன்னால் சுரங்கம் அடைபட்டுக் கிடந்தது. வேறு வழியில்லாமல் ஆற்றில் இறக்கினார்கள், சில டாங்கிகள் அங்கேயே மூழ்கின. இதற்குள் அந்த 6ஆவது மலைப்படை ஒலிம்பஸ் சரிவுகளைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம் வந்து சேர்ந்துவிட்டதால்தான் 18ஆம் தேதி வழி திறந்தது. 24ஆம் தேதி தெர்மோபைலே கணவாயிலும் ரோட்டை விட்டு விலக முடியாமல் ஒற்றை வரிசையில் வந்த டாங்கிகளை பிரிட்டிஷ் பீரங்கிகள் ஒவ்வொன்றாக எரித்தன. ஆனால் அங்கே நின்றவர்கள் தங்கள் படை கப்பலேறித் தப்ப நேரம் சம்பாதிக்கத்தான் நின்றார்கள். 27ஆம் தேதி ஏதென்ஸ் விழுந்தது.

கேள்வி: கிரேக்கத்தில் சண்டை போடப் போனதால்தான் ஹிட்லருக்கு ரஷ்யப் படையெடுப்பு தாமதமானது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை என்பேன். முதலில் மே 15க்குள் தயாராக இருக்கச் சொன்ன படையெடுப்பு ஜூன் 22இல்தான் தொடங்கியது. ஆனால் அந்த வருடம் எல்லைப் பக்கத்து ஆறுகளில் வெள்ளம் வடிய நாளானது, எல்லாப் பழியையும் கிரேக்கத்தின் மேல் போட முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மலை ரோடுகளில் ஓடித் தேய்ந்த 2ஆவது, 5ஆவது பன்சர் டிவிஷன்களைப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டும் ரஷ்யப் போர்முனைக்கு வந்து சேர இலையுதிர்காலம் ஆகிவிட்டது. அப்புறம் 2ஆவது டிவிஷனின் வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குக் கிளம்பிய மார்புர்க், கிப்ஃபெல்ஸ் என்ற இரண்டு கப்பல்கள் மே 21ஆம் தேதி பிரிட்டிஷ் கண்ணிவெடிகளில் மாட்டி, ஏற்றிய வண்டிகளோடு கடலுக்குள் போயின.