மடைப்பலகையும் உபிக்விட்டினும்: வாசகர் கேள்வி-பதில்

கே: உபிக்விட்டின் என்பது குப்பைக்குப் போகும் புரதத்தின் மேல் ஒட்டும் சீட்டு என்று படித்தேன். அதற்கும் செல்லின் சமிக்ஞைக்கும் என்ன சம்பந்தம்? (கல்லூரி மாணவி, மன்னார்குடி)

நிறையவே உண்டு. உபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். இ1, இ2, இ3 என்ற நொதிகள் கைமாற்றி அதை இன்னொரு புரதத்தில் ஒட்டுகின்றன. எதில் ஒட்டுவது என்று ஆள் பார்ப்பது இ3. சீட்டு சங்கிலியாக நீண்டால், செல்லுக்குள் புரதத்தை வெட்டும் இயந்திரமான புரோட்டியசோம் அந்தப் புரதத்தை நறுக்கிவிடும். இதைக் கண்டறிந்த சீக்கானோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004 வேதியியல் நோபல் கிடைத்தது.

சரி, உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வருவோம். தண்ணீர் மடை வரை வந்து நிற்கிறது; பலகையைத் தூக்கினால் வயலில் பாயும். செடியில் அந்தப் பலகை டெல்லா என்ற புரதம். ஜிப்ரலின் ஹார்மோன் வந்ததும் இ3 டெல்லாவில் சீட்டை ஒட்டும், டெல்லா சிதையும், பயிர் நீளும். புதிதாக எதையும் முடுக்க வேண்டியதில்லை, தடை போனாலே போதும்.

கே: எல்லாச் சீட்டும் அழிப்பதற்குத்தானா? (அதே மாணவி)

இல்லை. உபிக்விட்டினின் 48-ஆவது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் கோத்த சங்கிலி பெரும்பாலும் அழிவுக்கு. 63-ஆவது இடத்து லைசினில் கோத்தால், வேறு புரதங்கள் வந்து கூடும் மேடை.

கே: நாற்றங்காலில் சில நாற்று மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட உயரமாக நிற்கிறது. உரம் கூடிவிட்டதா? (விவசாயி, நீடாமங்கலம்)

பேகானே என்ற பூஞ்சண நோயாக இருக்கலாம் ஐயா. அந்தப் பூஞ்சணம் தானே ஜிப்ரலினைச் சுரந்து, டெல்லா பலகையைத் தூக்கிவிடுகிறது. அந்த நாற்றைப் பிடுங்கி அழித்துவிடுங்கள், நடவுக்குப் போக வேண்டாம். அடுத்த பட்டத்துக்கு விதைநேர்த்தியை விடாதீர்கள்.

கே: சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் மட்டும் எப்படி வெள்ளத்தில் பிழைக்கிறது? (திருத்துறைப்பூண்டி)

மூழ்கிய சாதாரண நெல் மேலே வரத் தவித்து நீளும். சேமித்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். சேறு படிந்த அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்கு வேதனை தெரியும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ ரகத்திலிருந்து வந்த சப்-1ஏ மரபணு இருந்தால், டெல்லா வகைத் தடைப்புரதங்கள் குறையாமல் கூடி நிற்கும். பயிர் நீளாமல் சத்தை மிச்சம் பிடித்து, வடிந்தபின் துளிர்க்கும். சுமார் இரண்டு வாரம்தான் கணக்கு. அதற்கு மேல் ரகத்தை நம்பாமல் வடிகாலைப் பாருங்கள்.