ஆபரேட்டர் தாத்தா பதில்கள்

(முப்பது வருடம் தியேட்டரில் படம் ஓட்டியவர். திரையைவிட, கேபின் துவாரம் வழியாக ஜனங்களின் தலைகளைத்தான் அதிகம் பார்த்தேன் என்பார். இந்த இதழில் சூப்பர்ஹீரோ படம், குடும்பப் படம் பற்றி வந்த கேள்விகள்.)

இரண்டு பிள்ளைகளின் தாய்: "சூப்பர்ஹீரோ படம்தானே" என்று என் கணவர் ஏழு வயது மகளையும் அழைத்துப் போய்விடுகிறார். அப்புறம் இரண்டு நாள் அவள் தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறாள். பதினான்கு வயது அண்ணன் "இதுல என்ன பயம்?" என்று சிரிக்கிறான். யார் பக்கம் நியாயம்?

மகள் பக்கம். உங்கள் வீட்டுக்காரர் போஸ்டரைப் பார்த்தார், பையன் சண்டையைப் பார்த்தான், அவள் சத்தத்தைக் கேட்டாள். பயந்த பிள்ளை கண்ணை மூடுவதற்கு முன்னால் காதைத்தான் பொத்தும். துவாரம் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்: இரண்டு முழங்கைகள் தலைக்கு இருபுறமும் சிறகு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், கண் மட்டும் திரையை விட்டு நகராது.

தணிக்கைச் சான்றிதழை நம்பிப் போனோம் என்று அவர் சொன்னால், அந்தச் சான்றிதழின் கதையையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1984 வரை, பெற்றோர் துணையோடு பார்க்கும் 'பிஜி'க்கும் பெரியவர்களுக்கான 'ஆர்'க்கும் நடுவில் எதுவும் கிடையாது. அந்த வருடம் 'இந்தியானா ஜோன்ஸ்' இரண்டாம் படத்தில் ஒருவன் நெஞ்சிலிருந்து இதயத்தைக் கையாலேயே பிடுங்குகிறார்கள். 'கிரெம்லின்ஸ்' படத்தில் ஒரு குட்டிப் பிசாசு மைக்ரோவேவ் அடுப்புக்குள் வெடிக்கிறது. இரண்டுக்கும் 'பிஜி'. பெற்றோர் கொதித்துப் போனார்கள். முதல் படத்தை இயக்கி, இரண்டாவதைத் தயாரித்த ஸ்பீல்பெர்க்கே நடுவில் ஒரு பிரிவு வேண்டும் என்று கேட்க, அதே வருடம் ஜூலையில் 'பிஜி-13' வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரே யோசித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். இன்றைக்குப் பெரும்பாலான சூப்பர்ஹீரோ படங்கள் குடியிருப்பது இந்த நடு வீட்டில்தான்.

பிரிட்டனில் வேடிக்கை இன்னும் அதிகம். 2002இல் 'ஸ்பைடர்மேன்' படத்துக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் மட்டும் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சிலந்தி பொம்மை வைத்திருந்த வாண்டுகள் எல்லாம் வெளியே! சில ஊர் மன்றங்கள் தங்கள் அதிகாரத்தில் சின்னவர்களையும் உள்ளே விட்டன. அந்த வருடமே, பெரியவர் துணை இருந்தால் வரலாம் என்று '12ஏ' பிரிவு நாடு முழுக்க வந்துவிட்டது. 2008இல் 'தி டார்க் நைட்' என்ற பேட்மேன் படம் அந்த '12ஏ'யோடு வந்தபோது, தணிக்கைக் குழுவுக்குப் புகார் மேல் புகார். அந்தப் படத்தில் வில்லன் ஜோக்கர் மேசையில் பென்சிலை நட்டுவைத்து, ஒருவன் தலையை அதன்மேல் மோதி ஒரு 'வித்தை' காட்டுவான். ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. ஆனால் டங்கென்று ஒரு சத்தம். உங்கள் மகளைத் தூங்கவிடாதது அந்த மாதிரிச் சத்தம்தான். அடுத்த தடவை அப்பா முதலில் தனியாகப் பார்த்துவிட்டு வரட்டும்.

கல்லூரி மாணவர்: மார்வெல் படங்கள் சினிமாவே இல்லை, கேளிக்கைப் பூங்கா மாதிரி என்று 2019இல் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி சொன்னார். நீங்கள் எந்தக் கட்சி?

ராட்டினம் சுற்றுவதில் என்ன தப்பு தம்பி? நானும் சுற்றியிருக்கிறேன். அவர் பேச்சில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஆனால் ராட்டினத்தில் ஏற, அதற்கு முன்னால் இருபத்தொரு ராட்டினத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கோபம் வராதா? அதே 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அந்த மார்வெல் தொடர்கதை வரிசையில் இருபத்திரண்டாவது. மூன்று மணி நேரம் ஒரு நிமிடம். பேரன்தான் கூட்டிப் போனான். ஒவ்வொருவர் திரைக்கு வரும்போதும் தியேட்டர் எழுந்து கத்துகிறது, நான் "இவர் யாருப்பா?" என்கிறேன், அவன் காதில் கிசுகிசுக்கிறான், பின்சீட்டுக்காரர் "ஷ்ஷ்" என்கிறார். அந்தப் படம் உலகம் முழுக்க ஏறக்குறைய 280 கோடி டாலர் வசூலித்தது. நன்றாகவே எடுத்திருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்குப் போன பையன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். குடும்பங்களை இந்தப் படங்களிலிருந்து விரட்டுவது ரத்தமல்ல, இந்த வீட்டுப்பாடம்தான் என்பது என் கட்சி.

பெயர் வேண்டாம் என்றவர்: படம் முடிந்தும் யாரும் எழுந்து போவதில்லையே, ஏன்?

2008இல் 'அயர்ன் மேன்' முடிந்து பெயர்ப் பட்டியலும் ஓடிய பிறகு, ஒற்றைக்கண் கட்டிய ஒருவர் வந்து, வரப்போகும் படங்களுக்கு அச்சாரமாக இரண்டு வரி பேசிவிட்டுப் போனார். அன்று பிடித்த வியாதி. என் காலத்தில் கடைசி ஷாட்டுக்கு லைட் போடத் தாமதித்தால் விசில் பறக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: குடும்பப் படம் என்றால் கண்ணீர்ப் படம் என்றுதான் எங்கள் தலைமுறை பழகியிருக்கிறது. உங்கள் இலக்கணம் என்ன?

இலக்கணம் உங்கள் துறை ஐயா. என்னிடம் இருந்தது ஒரு சோதனை. படம் தொய்ந்தால் பின்வரிசைப் பிள்ளைகள் சீட்டில் ஏறி நின்று, ஒளிக்கற்றையில் கையை நீட்டி மான், பறவை என்று நிழல் காட்டுவார்கள். கதாநாயகி நெற்றியில் மான் ஓடும்! மானும் ஓடாமல், பெரியவர்களும் வெளியே எழுந்து போகாமல் இருந்தால் அது குடும்பப் படம். சக்தி இருக்கிறதா, முதுகில் கேப் கட்டியிருக்கிறானா என்பதெல்லாம் அப்புறம்.

1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெலிகாப்டரை ஒரு கையில் தாங்கிய அதே ராத்திரி, அவர் மரத்தில் மாட்டிய ஒரு பூனையை இறக்கி ஒரு சிறுமியிடம் கொடுக்கிறார். அவள் வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் சொல்கிறாள். பொய் சொல்லாதே என்று பளாரென்று ஓர் அறை விழும் சத்தம் மட்டும் கேட்கும். பிள்ளைகள் பூனைக்காகக் கைதட்டும். பெரியவர்கள் அறைக்குச் சிரிப்பார்கள். 2004இல் வந்த 'தி இன்க்ரெடிபிள்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. அதில் எனக்குப் பிடித்த சண்டை சாப்பாட்டு மேசையில் நடப்பது. அக்காவும் தம்பியும் தங்கள் சக்தியை வைத்து அடித்துக்கொள்ள, அம்மா கையை மீட்டர் கணக்கில் நீட்டிப் பிரிக்கப் பார்க்கிறாள், அப்பா மேசையையே தூக்கிவிடுகிறார். எந்த வீட்டிலும் நடப்பது, கொஞ்சம் நீளமான கையோடு.

ஒரு தீவிர ரசிகர்: போன இதழில் "சூப்பர்ஹீரோ படம் குழந்தைகளுக்கானது" என்று எழுதினீர்கள். பெரியவர்களுக்காக எடுத்த 'லோகன்', 'ஜோக்கர்' எல்லாம் பார்த்தீர்களா இல்லையா?

பார்த்தேன். அப்படி ஒரே போடாகப் போட்டது தப்பு, வாபஸ். 'லோகன்' என்னைக் கலங்க வைத்தது. 'ஜோக்கர்' 'ஆர்' சான்றிதழோடு வந்து 100 கோடி டாலரைத் தாண்டியது. பெரியவர்களுக்கும் இந்த ஊரில் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு முணுமுணுப்பு. 'அயர்ன் மேன்' வந்த 2008இல் உங்களுக்குப் பத்து வயது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வளர வளர சட்டையையும் பெரிதாகத் தைக்கச் சொன்னீர்கள், தைத்தார்கள். இப்போது பத்து வயதாகிறவனுக்கு அது முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது.

பள்ளி மாணவி: உங்கள் பேத்திக்கு எந்தப் படம் பிடிக்கும் தாத்தா?

அவளுக்குக் கேள்வி கேட்கத்தான் பிடிக்கும் கண்ணு. 'மேன் ஆஃப் ஸ்டீல்' (2013) டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்மேனும் வில்லனும் மோதி மாடி மாடியாகக் கட்டடங்கள் சரிகின்றன. "உள்ளே இருந்தவங்க எல்லாம் எங்கே தாத்தா?" என்றாள். எடுத்தவர்களையும் இந்தக் கேள்வி விடவில்லை போல. 2016இல் வந்த அடுத்த படம், அதே இடிபாட்டைத் தெருவில் ஓடும் ஒரு மனிதனின் கண்ணிலிருந்து ஆரம்பத்திலேயே காட்டுகிறது. அதை அவளுக்குப் போட்டுக் காட்டலாமா என்று இன்னும் யோசிக்கிறேன். அதற்குப் பதிலாகப் பழைய 'சூப்பர்மேன்' போட்டேன். பூனை இறங்கி வந்ததும் கைதட்டினாள். அறை சத்தம் கேட்டதும் கை நின்றது. "உண்மையைத்தானே சொன்னா, அவளை ஏன் அடிச்சாங்க? சூப்பர்மேனுக்கு அது கேக்கலையா?"

இரண்டு வாரமாக யோசிக்கிறேன்.