டியூபிங்கனில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது: கேள்வி பதில்

தென் ஜெர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கும் டியூபிங்கன் நகரத்துக்கு வர எண்ணுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு, இங்கு நெடுங்காலமாக வசிப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் அலுவலக வேலையாகத் தங்குகிறேன். டியூபிங்கனைப் பார்க்க அரை நாள் போதுமா? (சென்னையிலிருந்து ஒரு பொறியாளர்)

போதாது என்றே சொல்வேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால், பலர் மதியம் வந்து நெக்கார் பாலத்தில் நின்று கரையோர வீடுகளைப் படமெடுத்துக்கொண்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். ஏறத்தாழ 90,000 பேர் வாழும் இவ்வூரில் கால் பங்குக்கும் மேற்பட்டோர் மாணவர்கள். 1477-இல் எபர்ஹார்ட் என்ற பிரபு நிறுவிய டியூபிங்கன் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுச்சுவரோ ஒற்றை வளாகமோ கிடையாது. கோட்டையிலும் பழைய தெருக்களிலும் வடக்கே மலைமேலும் அதன் துறைகள் பரவியிருக்கின்றன. அதனால் ஊரின் உள்ளே நுழைந்து பார்ப்பதற்கு நேரம் வேண்டும்; இரண்டு இரவாவது தங்குங்கள். திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் கோட்டை அருங்காட்சியகம் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் மூடியிருக்கும் என்பதை நினைவில் கொண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே அரை நாள்தான் இருக்கிறது என்றால், சந்தைச் சதுக்கத்துக்குச் சென்று, 1435-இல் கட்டத் தொடங்கிய நகர மன்றக் கட்டடத்தின் முகப்பில் இருக்கும் வானியல் கடிகாரத்தைப் பாருங்கள். இப்பல்கலைக்கழகத்தில் கணிதமும் வானியலும் கற்பித்த யோஹானஸ் ஸ்டஃப்லர் 1511-இல் உருவாக்கியது அது. அங்கிருந்து சில நிமிட நடையில் 1536-இல் நிறுவப்பட்ட 'ஸ்டிஃப்ட்' என்னும் இறையியல் மாணவர் இல்லம் இருக்கிறது. வானியலாளர் கெப்ளர் அங்கே தங்கிப் படித்தார். அவருக்கு இரு நூற்றாண்டுகள் கழித்து தத்துவ அறிஞர்களான ஹெகல், ஷெல்லிங், கவிஞர் ஹோல்டர்லின் மூவரும் அங்கே ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். இன்றும் அது மாணவர் இல்லமாகவே இயங்குவதால், முற்றத்தில் நிற்கும்போது அமைதி காக்க வேண்டும்.

கேள்வி: நான் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். டி.என்.ஏ. டியூபிங்கனில் கண்டறியப்பட்டது என்று படித்தேன். அந்த இடத்தைப் பார்க்க முடியுமா, ஐயா? (திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை)

பார்க்க முடியும், அம்மா. டியூபிங்கனில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்ற நிலை வந்தால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஊருக்கு மேலே நிற்கும் ஹோஹென்டியூபிங்கன் கோட்டையின் பழைய சமையலறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்டது. அங்கே ஹோப்பெ-ஸைலர் என்ற பேராசிரியரிடம் ஆய்வு செய்ய வந்த ஃப்ரீட்ரிஹ் மீஷர் என்ற சுவிட்சர்லாந்து இளைஞர், வெள்ளை அணுக்களைப் பெறுவதற்காக, மருத்துவமனையில் காயங்களுக்குக் கட்டி அகற்றிய துணிகளைப் பெற்றுவந்து, அவற்றிலிருந்த சீழைக் கழுவி எடுத்தார். அந்த அணுக்களின் உட்கருவிலிருந்து, பாஸ்பரஸ் மிகுந்த, புரதம் எதனோடும் பொருந்தாத ஒரு பொருளை 1869-இல் பிரித்தெடுத்து, அதற்கு 'நியூக்ளீன்' என்று பெயரிட்டார். இன்று டி.என்.ஏ. என்று நாம் அழைப்பது அதைத்தான். அதன் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்தது 1953-இல்தான் என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லும்போது, இந்தக் கல் சுவர்களுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர்கள் உணர்வார்கள். அந்த அறை இப்போது ஒரு சிறு கண்காட்சியாக இருக்கிறது.

அதே கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். ஃபோகல்ஹெர்ட் குகையில் 1931-இல் தோண்டியெடுத்த, மாமூத் யானையின் தந்தத்தில் செதுக்கிய சிற்றுருவங்கள் அங்கே இருக்கின்றன. ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் பழமையான அவற்றில், ஐந்து சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு குதிரையின் கழுத்து வளைவை நான் எத்தனை முறை பார்த்தாலும் சட்டென்று அடுத்த கண்ணாடிப் பேழைக்கு நகர முடிவதில்லை. அக்குகையும் அதனைச் சுற்றியுள்ள பனியுகக் குகைகளும் 2017-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

கேள்வி: ஆற்றங்கரையில் இருக்கும் மஞ்சள் கோபுரம் யாருடையது? உள்ளே போவது பயனுள்ளதா? (மதுரையிலிருந்து ஓர் இலக்கிய வாசகர்)

கவிஞர் ஹோல்டர்லின் வாழ்ந்த இடம் அது. மனநோய்க்கு இவ்வூர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற அவர், அதிகம் போனால் இன்னும் மூன்று ஆண்டுகள் உயிரோடிருப்பார் என்று சொல்லி அனுப்பப்பட்டார். அவருடைய புனைகதையைப் படித்து நேசித்திருந்த எர்ன்ஸ்ட் ஸிம்மர் என்ற தச்சர், 1807-இல் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்தார். 1843-இல் இறக்கும்வரை 36 ஆண்டுகள் கவிஞர் அங்கேயே இருந்தார். தச்சருக்குப் பின் அவர் மகள் கவனித்துக்கொண்டார். பழைய கோபுரம் 1875-இல் எரிந்துபோனதால், இப்போது நீங்கள் பார்ப்பது அதே இடத்தில் மீண்டும் எழுப்பிய கட்டடம். ஆனாலும் சன்னலுக்கு வெளியே ஆறு அதே ஆறுதான். 2020-இல் புதுப்பித்துத் திறந்த கண்காட்சி மிகவும் அக்கறையோடு அமைக்கப்பட்டுள்ளது. கவிதையில் ஈடுபாடு உள்ளவர் என்றால் தயங்காமல் உள்ளே செல்லுங்கள். நகரக் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறையையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஹெர்மன் குண்டர்ட்டுக்கும் இந்நகரத்துக்கும் என்ன தொடர்பு? (நாகர்கோவிலிலிருந்து ஒருவர்)

மலையாள அகராதியை 1872-இல் வெளியிட்ட குண்டர்ட், மேலே சொன்ன ஸ்டிஃப்ட்டில் தங்கி இப்பல்கலைக்கழகத்தில் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். 1836-இல் சென்னைக்கு வந்து, முதலில் தமிழ் கற்று, பின்னரே தலச்சேரியில் குடியேறி மலையாளத்தில் ஆழ்ந்தார். அவர் திரட்டிய ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் வில்ஹெல்ம் தெருவிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதால், புறப்படும் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

தலச்சேரியில் பிறந்த அவருடைய மகளின் மகன்தான் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே. அவர் 1895 முதல் 1899 வரை இவ்வூரில், பெரிய தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் ஹெக்கென்ஹவர் புத்தகக் கடையில் வேலை பழகினார். தாத்தாவின் சுவடிகளையும் பேரன் வேலை பார்த்த கடையையும் ஒரே காலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: மகள் அங்கே படிக்கிறாள். எனக்கு மூட்டுவலி. ஏற்றம் இல்லாத இடங்களைச் சொல்ல முடியுமா? (கோவையிலிருந்து ஒரு தாய்)

பழைய நகரம் முழுவதும் கல் பாவிய ஏற்ற இறக்கமான தெருக்கள் என்பதால், உங்கள் கவலை நியாயமானது. தேவாலயக் கோபுரத்தையும் கோட்டையையும் மகளிடம் விட்டுவிட்டு, நீங்கள் ஆற்றின் நடுவே நீண்டிருக்கும் தீவில் நடக்கலாம். இருபுறமும் முதிர்ந்த பிளேன் மரங்கள் நிற்கும் அந்தச் சாலை சமமானது. ஆங்காங்கே உட்கார இருக்கைகளும் உண்டு. மறுநாள் பேருந்தில் பெபென்ஹவுசென் செல்லுங்கள். சில கிலோமீட்டர் தொலைவில், ஷோன்புஹ் காட்டின் விளிம்பில் இருக்கும் அந்தச் சிஸ்டெர்சியத் துறவியர் மடம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தோன்றியது. இப்பகுதியை ஆண்ட வூர்ட்டம்பெர்க் அரசின் கடைசி மன்னர் பதவி துறந்தபின் அங்கே வாழ்ந்து 1921-இல் இறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சில ஆண்டுகள் ஒரு மாநிலச் சட்டமன்றமே அதற்குள் கூடியது. முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் அவசரமின்றி நடக்கலாம்.

கேள்வி: குழந்தைகளோடு வருகிறோம். படகுச் சவாரி பாதுகாப்பானதா? படகுப் போட்டி எப்போது? (சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பத்தினர்)

பாதுகாப்பானதே. துடுப்பு இல்லாமல், நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றித் தள்ளும் தட்டையான மரப்படகு அது. கோடை மாதங்களில் மெதுவாகத் தீவைச் சுற்றிவரும். போட்டியோ அதற்கு நேர்மாறானது. கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் கிறிஸ்தவத் திருநாளான வியாழனன்று, பெரும்பாலும் ஜூன் மாதத்தில், மாணவர் அணிகள் பாலத் தூண்களைச் சுற்றி முட்டி மோதும். கடைசியாக வரும் அணியில் ஒவ்வொருவரும் அரை லிட்டர் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும் என்பது மரபு. கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், சிறு குழந்தைகளோடு பாலத்தில் நிற்காமல் தீவின் கரையில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். என்ன கிடைக்கும்?

வட்டார உணவான கேஸ்ஷ்பெட்ஸ்லே, முட்டை சேர்த்த மாவுத் துண்டுகளைப் பாலாடைக்கட்டியோடு கலந்து, வறுத்த வெங்காயம் தூவித் தருவது. முட்டை உண்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். மவுல்டாஷென் என்னும் மாவுப் பொதி பெரும்பாலும் இறைச்சி நிரப்பியது, ஆகவே கேட்டு வாங்குங்கள். திங்கள், புதன், வெள்ளி காலையில் கூடும் சந்தையில் காய்கனியும் ரொட்டியும் நன்றாகக் கிடைக்கும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கோப்பைக்கு 2022 முதல் இந்நகரம் வரி விதிக்கிறது என்பதால், சொந்தக் குவளை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்டோபரில் முதுகலை சேர்கிறேன். குளிர்காலத்தில் அங்கே செய்ய ஏதாவது இருக்கிறதா, அண்ணா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு மாணவர்)

நிறைய இருக்கிறது, தம்பி. அக்டோபர் இறுதியில் ஷோன்புஹ் காட்டின் இலைகள் நிறம் மாறும்போது, பெபென்ஹவுசெனிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். டிசம்பரில் பழைய நகரத் தெருக்களில் சாக்லேட் சந்தை நடக்கும். மழை நாளில் நகர அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். இப்பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஷிக்கார்ட் 1623-இல் வடிவமைத்துக் கெப்ளருக்குக் கடிதத்தில் விவரித்த கணக்கிடும் இயந்திரத்தின் மறு உருவாக்கத்தை அங்கே காணலாம். வெயில் அடிக்கும் ஞாயிறு கிடைத்தால், குன்றின் உச்சியில் தனியே நிற்கும் வூர்ம்லிங்கென் சிற்றாலயம் வரை நடந்துவிட்டு வரலாம். மேலே காற்று கடுமையாக வீசும் என்பதால் தடித்த மேலங்கியும் பிடிமானமுள்ள காலணியும் அவசியம். நான்கரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் என்பதால், மதிய உணவுக்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள்.