சிக்னல் முழுசாக இருந்தும் நெட் நிற்கிறதா? முதலில் கேபிள் முனையைப் பாருங்கள்

குளச்சலில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு, மாடிக்குத் தனியாக அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பாக்ஸ்) வைத்தும் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, நெட் மட்டும் அடிக்கடி நின்றுவிடுகிறது, மாடி ஏறினாலும் போன் கீழ் வைஃபையை விடுவதில்லை, பாக்ஸை மாற்றிவிடலாமா? இதுதான் உங்கள் கேள்வி.

இப்போதைக்கு மாற்றாதீர்கள். நாகர்கோவிலில் இருந்துகொண்டு மாவட்டம் முழுக்க இந்த வேலைதான் செய்கிறேன். ‘கெட்டுப்போச்சு’ என்று என்னிடம் வந்த பாக்ஸ்களில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருந்தன. கோளாறு வயரின் நுனியில் இருந்தது.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஒரு லாட்ஜ். “அண்ணாச்சி, வச்சு ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள போச்சு” என்றார் மேனேஜர். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இருந்த பாக்ஸிலிருந்து கேபிளை உருவி, நுனியை வெயிலில் திருப்பிப் பார்த்தேன். எட்டு முள்ளில் மூன்றின் மேல் பச்சைப் பொருக்கு. விரலால் தேய்த்தால் மாவு போல உதிர்ந்தது. உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. கேபிளில் ஒரு சாண் வெட்டித் தள்ளிவிட்டுப் புது முனை அடித்தேன். பாக்ஸுக்குள் நுழையும் முன் கேபிள் கீழே தொங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விட்டேன். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், முனைக்கு வராது. அதே பாக்ஸ்தான் இன்றும் அங்கே ஓடுகிறது.

உங்கள் வீட்டில் இதைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். அக்சஸ் பாயிண்ட்டின் செட்டிங் பக்கத்தில் ஈதர்நெட் வேகம், அதாவது கேபிள் இணைப்பின் வேகம், 1000 எம்பிபிஎஸ் என்று காட்டுகிறதா, 100 என்றா? 1000 கிடைக்க எட்டு இழையும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று போனால் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும், அதற்கு நாலு இழையே போதும். ஜிகாபிட் (அதாவது 1000) பாக்ஸ், ஜிகாபிட் ரவுட்டர் இரண்டும் இருந்தும் 100 காட்டினால் முனையைச் சந்தேகப்படுங்கள். போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள காற்றைப் பற்றி மட்டுமே சொல்லும். பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் வயரைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் பாருங்கள். இப்படிக் கரண்ட் தரும் பழைய பிஓஇ ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். புது மாடல்கள் சில 30 வாட் கேட்கும். குறைந்த கரண்டிலும் பாக்ஸ் எரியும், ஆனால் நாலு பேர் வீடியோ பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகும், இல்லை 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிடும். செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கேபிளில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

மாடியில் வைத்தது பழைய ரவுட்டர் என்றால், அதில் டிஎச்சிபியை (போன், டிவிக்கெல்லாம் ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, அதன் ஐபியைக் கீழ் ரவுட்டருடையதிலிருந்து வேறாக மாற்றி, கேபிளை வான் (WAN) போர்ட்டில் செருகாமல் லான் (LAN) போர்ட்டில் செருகுங்கள். இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்கப் போனால் நெட் வந்து வந்து போகும்.

சரி, போன் கீழ் வைஃபையை விடாத விஷயம். எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். கீழ் ரவுட்டரின் சத்தம் காதில் விழும்வரை அது நகராது. அதனால் மாடியில் பவரைக் கூட்டாமல், கீழே 2.4 கிகாஹெர்ட்ஸின் பவரைக் குறையுங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பலன் தருவது இதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. சேனல் மட்டும் வேறு வேறு. 2.4-இல் 1, 6, 11 இந்த மூன்றில்தான் இருக்க வேண்டும், சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-இல் 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்று. 52 முதல் 144 வரை உள்ளவற்றில் ரேடார் போல ஏதாவது பட்டாலே பாக்ஸ் சேனலை விட்டு ஓடிவிடும். அப்படிப்பட்ட இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கவனித்த பிறகுதான் பேச ஆரம்பிக்கும். அந்த நேரம் நெட் இருக்காது.

பழைய பிரிண்டரோ டிவியோ மட்டும் சேராமல் அடம்பிடித்தால் வைஃபை பாதுகாப்பு செட்டிங்கில் டபிள்யூபிஏ3 கலந்த அமைப்பை விட்டு டபிள்யூபிஏ2-க்கு வாருங்கள். ஃபாஸ்ட் ரோமிங் (ஒரு பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் போன் சட்டென்று மாற உதவும் வசதி) போட்டிருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஐப்பசி இடி. வெளிச்சுவர் வழியாகக் கேபிள் போகிறது என்றால் எர்த் சேர்த்த சர்ஜ் புரொடெக்டர் ஒன்று அவசியம். அது வரும்வரை வானம் கறுத்தால் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். பக்கத்துத் தென்னையில் விழுந்த இடிக்கே வரிசையாக மூன்று போர்ட் கருகியதைப் பார்த்திருக்கிறேன்.

வேகம் 1000-ஆ 100-ஆ, கேபிள் உள்ளே போகிறதா வெளியே போகிறதா, இந்த இரண்டையும் பார்த்து எழுதுங்கள். மீதியை அதற்கப்புறம் சொல்கிறேன்.