வாங்கிய தாளில் வராத கூட்டல்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விரிதாள் பற்றியவை. எக்செல் டெம்ப்ளேட் (ஃபார்முலாக்கள் போட்டுத் தயாராக விற்கும் விரிதாள் கோப்பு) வாங்கி ஏமாந்தவர்கள், ஃபார்முலா பிழையைக் கண்டு பயந்து வேறு எதையோ வாங்கியவர்கள், வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியதை வாங்கிய பின் என்னிடம் கேட்பவர்கள் என்று மூன்று ரகம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். விற்றவர்களைத் திட்டிய பகுதிகளையும் வெட்டிவிட்டேன், அவற்றில் சில நியாயமானவை என்றாலும்.

கேள்வி: வீட்டுக் கணக்குக்கு ஒரு டெம்ப்ளேட் வாங்கினேன். திறந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு தொகையை மாற்றினேன். பாதிக் கட்டங்களில் '#நேம்?' என்று வந்துவிட்டது. "நீங்கள் எதையோ அழித்துவிட்டீர்கள்" என்கிறார் விற்றவர். என்னிடம் இருப்பது எக்செல் 2016.

பதில்: நீங்கள் எதையும் அழிக்கவில்லை. கோப்பைச் சேமிக்கும்போது ஃபார்முலாவோடு அதன் கடைசி விடையும் சேர்ந்தே பதிவாகிறது. திறந்தவுடன் நீங்கள் பார்த்தது விற்றவரின் கணினி போட்டு வைத்த விடை. தொகையை மாற்றியதும் உங்கள் எக்செல் தானே கணக்குப் போட முயன்றது. தனக்குத் தெரியாத ஒரு பெயரைக் கண்டு விழித்தது. '#நேம்?' என்பதன் பொருள் அவ்வளவுதான்: "இது யார் என்று எனக்குத் தெரியாது."

அந்தக் கட்டத்தைத் தொட்டு, மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். செயற்பாட்டின் பெயருக்கு முன்னால் 'எக்ஸ்எல்எஃப்என்' என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே சாட்சி. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், லெட் போன்ற புதிய செயற்பாடுகள் 2016 பதிப்பிலும் இல்லை, 2019 பதிப்பிலும் இல்லை. 2021 முதல் வந்த பதிப்புகளிலும் மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவிலும்தான் உண்டு. அந்தத் திரையைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். விற்பனைப் பக்கத்தில் "எல்லாப் பதிப்புகளிலும் இயங்கும்" என்று இருந்தால் அதையும் படமெடுங்கள், அவர் திருத்துவதற்கு முன். சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு. பணத்தைத் திருப்பிக் கேட்க இது போதும். பணம் வரும்வரை கணக்கு நிற்க வேண்டாம் என்றால், லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளின் 24.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் திறந்து பாருங்கள். இலவசம், அந்த மூன்றும் அதில் இருக்கின்றன.

கேள்வி: தொகை இருக்க வேண்டிய கட்டம் முழுவதும் ##### என்று வருகிறது. வைரஸா? பாதுகாப்பு மென்பொருள் எது வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். நெடுவரிசையை அகலப்படுத்துங்கள்.

கேள்வி: எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. சேமித்தால்தான் மாறுகிறது. நினைவகம் போதவில்லை, புதிய கணினி வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுத்துவிடாதீர்கள்! ஃபார்முலா தாவலில் 'கணக்கிடும் விருப்பங்கள்' என்று ஒன்று இருக்கும். அது கைமுறைக்கு மாறியிருக்கிறது. தானியங்கிக்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. சேமிக்கும்போது மட்டும் கூட்டுத்தொகை மாறுவதே அதற்கு அடையாளம். கைமுறையில் இருந்தாலும் சேமிப்பதற்கு முன் ஒருமுறை கணக்குப் போடுவது எக்செலின் வழக்கம்.

நீங்கள் மாற்றாமலே இது எப்படி மாறியது என்று கேட்பீர்கள். அன்று முதலில் எந்தக் கோப்பைத் திறக்கிறீர்களோ அதன் அமைப்பையே எக்செல் பிடித்துக்கொள்ளும். யாரோ அனுப்பிய கனத்த கோப்பு ஒன்று கைமுறையில் இருந்திருக்கும். அதை முதலில் திறந்திருப்பீர்கள். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லியிருந்தால் அவர் கடைப்பக்கம் இனிப் போகாதீர்கள்.

கேள்வி: வங்கியின் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய தொகைகளைக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது. கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து, பழுதுநீக்கும் மென்பொருள் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். இப்போதும் பூஜ்யம்தான். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அநேகமாகக் கிடைக்காது. அந்த மென்பொருள், திறக்கவே முடியாத கோப்பைத் திறக்க முயலும் சரக்கு. உங்கள் கோப்பு திறக்கிறது, மூடுகிறது, நலமாக இருக்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் படிக்கவில்லை. தலைவலிக்குக் கண்ணாடிக் கடையில் போய்ப் பல்செட் வாங்கியதுபோல இருக்கிறது.

உங்கள் தொகைகள் எண் வேடம் போட்ட எழுத்துகள். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா பாருங்கள். எண் என்றால் வலப்பக்கம் நிற்கும். கூட்டும் செயற்பாடான 'சம்' எழுத்தைக் கண்டால் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், அதனால்தான் பூஜ்யம். இணையப் பக்கங்களில் வரும் இடைவெளி பல நேரம் சாதாரண இடைவெளி இல்லை; அதன் குறியீட்டு எண் 160. இடைவெளியை நீக்கும் செயற்பாடான 'டிரிம்' நீக்குவது 32 என்ற எண்ணுள்ள சாதாரண இடைவெளியை மட்டுமே. எனவே ஒரு கட்டத்துக்குள் போய் அந்த வெற்றிடத்தை மட்டும் நகலெடுத்து, 'தேடு-மாற்று' பெட்டியின் தேடும் இடத்தில் ஒட்டி, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு, 'எல்லாவற்றையும் மாற்று' என்று கொடுங்கள். கட்டங்களின் வடிவம் 'எழுத்து' என்று இருந்தால் முதலில் அதைப் 'பொது' என்று மாற்றிவிடுங்கள்.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுவதை இன்றே நிறுத்துங்கள். நாளை என்றால் மறந்துவிடுவீர்கள். எக்செலை வேகமாக்கும் என்ற பெயரில் நான் வாங்கிய இணைப்புச் செயலி ஒன்று, நான் அதைத் தொடாமலே இரண்டு முறை புதுப்பித்துக்கொண்டது. அது வேகமாக்கியது என் பணம் போவதைத்தான்.

கேள்வி: என் கடையின் சரக்கிருப்புக்கு வாங்கிய தாளில் இதுவரை ஒரு பிழைக் குறிகூட வந்ததில்லை. ஆனால் தாள் காட்டும் இருப்பு எப்போதும் அலமாரியில் இருப்பதைவிட அதிகம். பணியாளரைச் சந்தேகப்பட்டுக் கடுமையாகப் பேசிவிட்டேன். போன வாரம் என் மகள் பார்த்துவிட்டு, விற்பனைத் தாளில் பல பொருள்களின் பெயர் பட்டியலில் உள்ளதுபோல இல்லை, எல்லா ஃபார்முலாவும் 'இஃப்எரர்' என்று தொடங்குகிறது என்றாள். இது விற்றவரின் தவறா, என் தவறா?

பதில்: முதலில் பணியாளரிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

தவறு விற்றவருடையது. உங்கள் தாளில் நடப்பது இதுதான். இரண்டு பெட்டி விற்றதாக எழுதுகிறீர்கள். பெட்டிக்கு எத்தனை என்று ஃபார்முலா பட்டியலில் தேடுகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால் கிடைக்கவில்லை. இயல்பாக அந்த இடத்தில் '#என்/ஏ' வர வேண்டும்: "நீ சொன்னது என்னிடம் இல்லை, கொஞ்சம் பார்" என்று எக்செல் கையைப் பிடித்து இழுக்கும் குறி அது. உங்கள் தாளைச் செய்தவர் அந்த வாயில் துணியை அடைத்திருக்கிறார். பிழை வந்தால் பூஜ்யம் போடு என்று இஃப்எரரை வைத்து எழுதிவிட்டார். இரண்டு பெட்டி பெருக்கல் பூஜ்யம், பூஜ்யம். சரக்கு போனது அலமாரிக்குத் தெரியும், தாளுக்குத் தெரியாது.

இஃப்எரர் எக்செல் 2007 பதிப்போடு வந்தது. தன்னளவில் கெட்டதில்லை. கெட்டது, அது விற்பனை அலங்காரம் ஆனது. விளம்பரப் படத்தில் '#' குறி தெரிந்தால் விற்பனை படுக்கும். அதனால் தாள் முழுவதும் ஒரே பூச்சாகப் பூசிவிடுகிறார்கள், ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வீடு விற்பதுபோல. வாங்குகிறவரும் "எவ்வளவு சுத்தமாக இருக்கிறது" என்று மகிழ்கிறார். இதை எழுதும் நானும் மகிழ்ந்தவன்தான். வட்ட வட்டமாக வரைபடம் போடும் குடும்பச் செலவுத் தாள் ஒன்றை வாங்கினேன். மின்கட்டணம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு அடித்திருக்கிறேன். எட்டு மாதம் என் வீட்டு மின்கட்டணம் பூஜ்யம். வந்தவர் போனவரிடம் எல்லாம் என் சிக்கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். யாரும் நம்பவில்லை, நான் மட்டும் நம்பினேன்.

இனி எந்தத் தாளையும் வாங்குவதற்கு முன் மாதிரிக் கோப்பு கேளுங்கள். எண்ணிக்கை போட வேண்டிய கட்டத்தில் வேண்டுமென்றே ஓர் எழுத்தை அடியுங்கள். பட்டியலில் இல்லாத ஒரு பொருளின் பெயரை எழுதுங்கள். தாள் கத்த வேண்டும். எதுவுமே நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தால் மூடிவிட்டு வந்துவிடுங்கள். மாதிரி தர மறுப்பவரிடம் பேச்சே வேண்டாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தேடும் பெட்டியில் இஃப்எரர் என்று அடித்து, தேடும் எல்லையை முழுக் கோப்பு என்று மாற்றி, 'எல்லாவற்றையும் தேடு' கொடுங்கள். எத்தனை இடம் என்று கீழே எண்ணிக்கை வரும். என் தாளில் வந்த எண்ணைப் பார்த்து நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

உங்கள் தாளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேடல் ஃபார்முலாக்களில் இஃப்எரருக்குப் பதிலாக 'இஃப்என்ஏ' போடச் சொல்லுங்கள். அது 2013 பதிப்பிலிருந்து இருக்கிறது. கிடைக்கவில்லை என்ற ஒரே ஒரு பிழையை மட்டும் பிடிக்கும், மற்றவற்றை வெளியே விடும். பிடித்ததற்கும் பூஜ்யம் காட்டாமல் 'பட்டியலில் இல்லை' என்று காட்டட்டும். 'சம்' எழுத்தைத் தாண்டிப் போகும் என்று முந்தைய பதிலில் சொன்னேன் அல்லவா? ஆகவே தாளின் தலையில், அப்படி எத்தனை வரிசை நிற்கிறது என்று எண்ணும் ஒரு கட்டமும் வேண்டும். இதை விற்றவரே கட்டணமில்லாமல் செய்து தர வேண்டும். மறுத்தால், மகளின் கண்டுபிடிப்பை அப்படியே எழுதி அவருடைய விற்பனைப் பக்கத்தில் மதிப்புரையாகப் போடுங்கள். திட்ட வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள். அதுதான் அதிகம் வலிக்கும்.

கேள்வி: ஃபார்முலா வேலை செய்ய வேண்டுமானால் மேக்ரோ (கோப்புக்குள் இருந்து இயங்கும் சிறு நிரல்) பாதுகாப்பை முழுவதும் அணைத்துவிடுங்கள் என்கிறார் விற்றவர். செய்யலாமா?

பதில்: கூடாது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுப்பது காரணத்தோடுதான். ஒரு பூட்டு திறக்கவில்லை என்பதற்காக வீட்டுக் கதவுகளை எல்லாம் கழற்றச் சொல்கிறார் அவர்.

கேள்வி: பதிவேட்டுக் கோப்பு ஒன்று வாங்கிப் பல ஆண்டாகப் பயன்படுத்துகிறேன். 65,536ஆவது வரிசைக்குக் கீழே எழுத இடமே இல்லை. கூடுதல் பணம் கட்டினால் 'பெரிய பதிப்பு' தருவதாக விற்றவர் சொல்கிறார்.

பதில்: அந்த எண்ணே கதையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் கோப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் இருக்கிறது. அதன் எல்லை 65,536 வரிசை. எக்செல் 2007 முதல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் 10,48,576 வரிசை உண்டு. 'வேறு பெயரில் சேமி' கொடுத்துப் புதிய வடிவைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறங்கள். உங்கள் 'பெரிய பதிப்பு' தயார். பழைய கோப்பைப் பத்திரமாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபார்முலாக்கள் பழைய கடைசி வரிசையோடு நின்றுவிடுகின்றனவா என்றும் பார்த்து நீட்டுங்கள், இல்லாவிட்டால் புதிதாக எழுதுவது எதுவும் கூட்டலில் சேராது.

விற்றவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த எல்லையில் இடித்துக்கொண்டது நீங்கள் மட்டும் இல்லை. 2020 அக்டோபரில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 15,841 கொரோனா நோயாளிகளை அன்றாடக் கணக்கில் சேர்க்காமல் விட்டது தெரியவந்தது. பழைய வடிவக் கோப்பில் இடம் தீர்ந்துபோய், மீதி வரிசைகள் விழுந்துவிட்டன. அங்கேயும் பிழைக் குறி எதுவும் மின்னவில்லை.

கேள்வி: 0.5-இல் 0.4-ஐயும் 0.1-ஐயும் கழித்து அடைப்புக்குறிக்குள் போட்டு ஒன்றால் பெருக்கினால் பூஜ்யம் வரவில்லை, ஏதோ நுண்ணிய பின்னம் வருகிறது. கணக்கே தெரியாத மென்பொருளை விற்றதற்கு இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், சிரிப்பார்கள். கணினி எண்களை இருமத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், வைத்திருக்கிறது. மூன்றில் ஒன்றை நம்மால் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல, பத்தில் ஒன்றை அதனால் இருமத்தில் எழுதி முடிக்க முடியாது. எக்செல் மட்டும் இல்லை, ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். பணக் கணக்கில் 'ரவுண்ட்' போட்டு இரண்டு தசம இடத்துக்கு வெட்டுங்கள். இந்த ஒரு வழக்கில் நான் விற்றவர் பக்கம்.

கேள்வி: '#வேல்யூ!' பிழையைச் சரிசெய்யக் கற்பதற்காக மூன்றாவதாக ஓர் இணையப் பயிற்சி வாங்கலாம் என்றிருக்கிறேன். முதல் இரண்டையும் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. எது நல்லது?

பதில்: முதலாவது.

கேள்வி: வாங்கிய டெம்ப்ளேட்டைத் திறக்கும்போதெல்லாம் "இணைப்புகளைப் புதுப்பிக்கவா?" என்று கேட்கிறது. ஆம் என்றால் சில கட்டங்களில் '#ரெஃப்!' வருகிறது. இல்லை என்றால் பழைய விலைகளே நிற்கின்றன. "இல்லை என்றே கொடுத்துக்கொண்டிருங்கள்" என்கிறார் விற்றவர்.

பதில்: அவர் உங்களுக்குப் பாதிப் பொருளை விற்றிருக்கிறார். சில ஃபார்முலாக்கள் அவருடைய கணினியில் உள்ள வேறொரு கோப்பிலிருந்து விலையை எடுக்கின்றன. அந்தக் கோப்பு உங்களிடம் இல்லை, வரப்போவதும் இல்லை. தரவு தாவலில் இணைப்புகளைத் திருத்தும் இடத்துக்குப் போனால் அதன் பெயரும் பாதையும் தெரியும். பெரும்பாலும் அவருடைய கணினிப் பயனர்ப் பெயரோடு. அதைப் படமெடுத்து அனுப்பி, "இந்தக் கோப்பு இல்லாமல் இந்தத் தாள் ஓடாது, கோப்பைக் கொடுங்கள், அல்லது பணத்தைக் கொடுங்கள்" என்று இரண்டே வரி எழுதுங்கள்.

அதே இடத்தில் 'இணைப்பை முறி' என்ற பொத்தானும் இருக்கும். அவர் பதில் வரும்வரை அதைத் தொடாதீர்கள். அழுத்தினால் ஃபார்முலா போய்விடும், அன்றைய விலை வெறும் எண்ணாக உறைந்துவிடும். கேள்வி கேட்பது நின்றுவிடும். கூடவே உங்கள் கையில் இருந்த சாட்சியும் போய்விடும்.